முதற்படத்தோடு நின்றவர்கள்

கோப்பாய்ச் சந்தியிலிருந்து யாழ்ப்பாண நகரம் ஐந்து மைலுக்கும் குறைந்த தூரமே. ஒரு காலத்தில் அத்தூரத்தைச் சைக்கிளிலும் பஸ்ஸிலும் கடந்து, வெலிங்டன், ராஜா, ராணி, மனோகரா, வின்சர், ரீகல் என்று மாளிகை மாளிகையாகப் படம் பார்த்து, இரண்டாங் காட்சி முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பிய குடும்பங்கள் இவ்வூரில் ஏராளம். அக்குடும்பங்களின் முதியோரைக் கேட்டால், 'பராசக்தி'யை யாருடன் போய்ப் பார்த்தோம், 'நாடோடி மன்ன'னுக்கு எத்தனை முறை போனோம் என்பதையெல்லாம் மறவாமற் சொல்லுவர். ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரையும் எஸ். எஸ். வாசனையும் அறியாதார் அன்று இல்லை. ஆனால், இந்த மண்ணிலே, இந்த மக்களின் கதையைப் படமாக்கிய தயாரிப்பாளர் யாவர் என்று வினவினால், விடை தயங்கித் தயங்கியே வரும்.

அவர்களைப் பற்றியே இங்கு எழுதப் புகுகிறோம். வெற்றி பெற்றோரின் வரலாற்றை எழுதுவது எளிது. ஈழத்துத் தமிழ்ப் படத் தயாரிப்பாளர்களின் வரலாறோ அத்தகையதன்று. அவர்களிற் பெரும்பாலோர் ஒரே ஒரு படத்தைத் தயாரித்து, அதனோடு நின்றுவிட்டனர். ஏன் நின்றனர் என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

படத் தயாரிப்பாளர் என்றவுடன் பட்டு ஜிப்பாவும் பெரிய மோட்டார் வண்டியும் கண்முன் தோன்றுவது இயல்பு. சென்னைப் படவுலகம் நமக்குத் தந்த சித்திரம் அது. சுதந்திரத் தயாரிப்பாளர் என்பவர் வேறு. அவருக்குச் சொந்த ஸ்டூடியோ இல்லை. சொந்தப் படமாளிகை இல்லை. மாதச் சம்பளத்துக்கு அமர்த்திய நடிகரும் இல்லை. கமெரா முதல் விளக்கு வரை யாவும் வாடகைக்கு எடுத்தவை. கதை ஒன்றும், அதன்மீது கொண்ட நம்பிக்கையும், திரட்டிய சிறு தொகையுமே அவருடைய மூலதனம்.

கோப்பாயிலே வெங்காயம் நடுபவரை எண்ணிப் பாருங்கள். செம்பாட்டு நிலத்தைக் கொத்திப் பதப்படுத்தி, விதை வெங்காயத்தைக் கடனுக்கு வாங்கி நட்டு, கிணற்று நீர் இறைத்து, களை பிடுங்கி, மாதக்கணக்கிற் காத்திருந்தபின், விலையைச் சொல்பவர் அவரல்லர். கொழும்புப் புறக்கோட்டைக் கொமிஷன் கடைக்காரர். லொறிக் கூலி, சாக்குக் கூலி, கழிவு எல்லாம் போக எஞ்சுவதே விளைவித்தவருக்கு. படத் தயாரிப்பாளரின் கதையும் அச்சொட்டாக இதுவே. படமாளிகைக்குப் பங்கு, அரசாங்கத்துக்குக் களியாட்ட வரி, விநியோகஸ்தருக்குக் கழிவு, விளம்பரச் செலவு. இத்தனையும் போன பின்னரே அவருடைய கைக்குக் காசு வரும். வெங்காயத்தையாவது கட்டித் தொங்கவிட்டு விலை ஏறும் வரை பொறுத்திருக்கலாம். வட்டிக்குப் பணம் வாங்கிப் படம் எடுத்தவரால் அவ்வாறு பொறுத்திருக்கவும் முடியாது.

இங்கே ஒரு வேடிக்கையைக் குறிப்பிடாமல் அப்பாற் செல்ல மனம் இடந்தரவில்லை. இலங்கையிற் படத்தொழிலை வளர்த்தோரில் தமிழர் முன்னணியில் நின்றனர். முதற் சிங்களப் பேசும் படமாகிய 'கடவுணு பொரொந்துவ' 1947இல் வெளிவந்தது. அதைத் தயாரித்த எஸ். எம். நாயகம் தமிழ்நாட்டுத் தமிழர். 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடக்கியவர் சிற்றம்பலம் கார்டினர். சினிமாஸ் லிமிட்டெட் நிறுவனத்தின் கே. குணரத்தினம், 1953இல் 'சுஜாதா'வைத் தயாரித்தார். அதை நெறிப்படுத்தியவர் சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' 1960இல் வெளிவந்ததும் குணரத்தினத்தின் தயாரிப்பாகவே. இத்தனை ஆற்றலும் பணமும் படமாளிகைகளும் தமிழர் கையில் இருந்தும், இந்நாட்டின் முதல் தமிழ்ப் படம் 1962ஆம் ஆண்டு வரை பிறக்கவில்லை!

காரணம் மறைபொருளன்று. சிங்களப் படம் வேண்டுமாயின் அதை இந்நாட்டிலேயே உருவாக்க ஏற்பாடு செய்தாக வேண்டும். வேறு எந்நாட்டிலிருந்தும் வாராது. தமிழ்ப் படமோ சென்னையிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். சிவாஜி கணேசன் படமோ எம். ஜி. ஆர். படமோ வரும்போது, அறியாத முகங்களை வைத்துத் தமிழ்ப்படம் எடுத்து ஏன் இடர்ப்பட வேண்டும்? வியாபாரி அவ்வாறு எண்ணியதிற் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால், அதன் பயன் என்னவாயிற்று? படமாளிகை வைத்திருந்தோர் தமிழ்ப்படம் எடுக்கவில்லை. தமிழ்ப்படம் எடுத்தோரிடம் படமாளிகை இருக்கவில்லை. பின்னர் நேர்ந்த துன்பங்களிற் பாதிக்குமேல் இந்த ஒன்றிலேயே அடங்கும் என்பது எமது கருத்து.

1962இல் வெளிவந்த 'சமுதாயம்' 16 மில்லிமீற்றர் வண்ணப்படம். ஹென்றி சந்திரவன்ச என்னும் சிங்களவர் அதன் நெறியாளர். அடுத்த ஆண்டு மலையகத்தைச் சேர்ந்த பி. எஸ். கிருஷ்ணகுமார் 'தோட்டக்காரி'யைத் தந்தார்; இது 35 மில்லிமீற்றரில் எடுக்கப்பட்டது. 1966இல் எம். வேதநாயகத்தின் 'கடமையின் எல்லை' வந்தது. ஷேக்ஸ்பியரின் ஹம்லெட்டைத் தழுவிய படம் அது. 1968இல் நாடக நடிகர் ஏ. ரகுநாதன் 'நிர்மலா'வைத் தயாரித்தார். நாடக மேடையில் வளர்ந்தவர்கள் படத்துக்குத் துணிந்த காலம் அது. மேடையிற் கைதட்டு உடனே கிடைக்கும். செலவும் கைக்கெட்டும் அளவில் நிற்கும். படத்தில் இரண்டும் இல்லை என்பதை அவர்கள் பட்டே அறிந்தனர்.

செலவு எவ்வளவு என்று மாணவர்கள் கேட்கலாம். ரூபாக் கணக்கை விடுவோம். அடிக் கணக்கைப் பார்ப்போம். 35 மில்லிமீற்றர்ச் சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படமாயின் 13,500 அடி. ஒரு முறை எடுத்த காட்சி அப்படியே சரியாக அமைவது அரிது. ஒருவர் வசனத்தை மறப்பார், மேகம் மறைக்கும், காகம் கரையும். மிகச் சிக்கனமாக நான்கு மடங்கு எடுத்தாலும் 54,000 அடிச் சுருள் வேண்டும். அத்தனையும் அந்நியச் செலாவணி கொடுத்து வெளிநாட்டிலிருந்து வருவிக்க வேண்டிய பொருள். அதைக் கழுவ வேண்டும், தொகுக்க வேண்டும், ஒலி சேர்க்க வேண்டும், பின்னர்ப் படமாளிகைக்கு ஒன்றாகப் பிரதி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று பிரதிகளோடு வந்தவர், யாழ்ப்பாணத்தில் ஓடிய பிரதி மட்டக்களப்புக்குப் போய்ச் சேரும் வரை காத்திருப்பார். அதற்குள் விளம்பரத்தின் சூடு ஆறிவிடும்.

இப்பின்னணியிலேதான் 1972இல் வந்த 'குத்துவிளக்கு' எமக்குச் சிறப்பாகத் தோன்றுகிறது. அதைத் தயாரித்த வீ. எஸ். துரைராஜா படக்காரரல்லர், பெயர்பெற்ற கட்டடக் கலைஞர். நெறியாள்கை டபிள்யூ. எஸ். மகேந்திரன், இசை ஆர். முத்துசாமி. யாழ்ப்பாணத்து விவசாயக் குடும்பமொன்றின் வாழ்க்கையே அப்படத்தின் பொருள். சென்னைப் படங்களில் வரும் கிராமம் எமக்குப் பழக்கமான கிராமமன்று. அங்கே வேலியில் கிளுவையும் பூவரசும் இல்லை, பனங்கூடலும் இல்லை. கதாநாயகி நீர் மொண்டு வருவது ஆற்றிலே. வற்றாத ஆறே இல்லாத குடாநாட்டில், கிணற்றையும் துலாவையும் நம்பி வாழும் மக்களை அவர்களுடைய மண்ணிலேயே வைத்துக் காட்ட ஒருவர் முன்வந்தார் என்பதை எண்ணும்போது, அதன் குறைகள் எமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. கட்டடம் கட்டுபவர் அத்திவாரம் வெட்டுமுன் மண்ணைச் சோதிப்பார் அல்லவா? அந்தப் பழக்கம் படத்திலும் கைகொடுத்தது போலும்.

ஆயினும் துரைராஜா தமது தொழிலுக்கே திரும்பினார். அவரைப் போன்றவர்களுக்குத் திரும்பிச் செல்ல ஒரு தொழிலேனும் இருந்தது.

1970களின் முற்பகுதி ஈழத்துப் படத்துக்கு ஓரளவு வாய்ப்பான காலம். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் தென்னிந்தியப் படங்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. சஞ்சிகைகள் குறையவே வீரகேசரி நாவல்கள் பெருகின. உள்நாட்டு எழுத்தாளர் வீடுகளுக்குள் நுழைந்தனர். 1972இல் அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் விநியோகத்தைத் தன் கையில் எடுத்தது. தனியார் விநியோகஸ்தரின் வாசலிற் காத்து நின்றவர்கள் இனிக் கூட்டுத்தாபனத்தின் வரிசையிற் காத்து நின்றனர். வரிசை நீண்டதுதான், எனினும் வரிசை என்று ஒன்றாவது இருந்தது. படங்கள் வரத் தொடங்கின. 1978ஆம் ஆண்டில் மட்டும் ஆறு வரையான தமிழ்ப் படங்கள் வெளியாயின.

அவற்றுட் சிலவற்றை நோக்கின், எது பிழைத்தது, எது வீழ்ந்தது என்பது புலனாகும். 1976இல் வந்த 'கோமாளிகள்' மக்களிடம் நன்கு எடுபட்டது. ஏன்? எஸ். ராமதாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' அதற்கு முன்னரே வானொலியில் வீடுதோறும் ஒலித்துவிட்டது. மரிக்காரின் குரலைக் கேட்டுச் சிரித்த மக்கள், அந்த முகத்தைக் காணப் படமாளிகைக்கு வந்தனர். வி. பி. கணேசன் 'புதிய காற்று' (1975), 'நான் உங்கள் தோழன்' (1978), 'நாடு போற்ற வாழ்க' (1981) என மூன்று படங்களைத் தந்தார். முதற்படத்தோடு நில்லாத அபூர்வப் பிறவி அவர். அவரோ தொழிற்சங்கத் தலைவர், மலையகத் தொழிலாளர் அவரை முன்னரே அறிவர், கதாநாயகனும் அவரே. ஆக, இருவரும் படம் எடுத்தபின் இரசிகரைத் தேடவில்லை. இரசிகர் ஏற்கெனவே இருந்தனர். அவர்களுக்குப் படம் எடுத்தனர்.

மறுபுறம் 'பொன்மணி'யைப் பாருங்கள். 1977இல் வந்த படம். நெறியாளர் தர்மசேன பத்திராஜ; யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராகக் கடமையாற்றிய சிங்களவர். கதை வசனம் காவலூர் இராசதுரை. ஒளிப்பதிவு டொனால்ட் கருணாரத்ன. பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர்களும் நாடகத் துறையினரும் அதில் நடித்தனர். சீதனத்துக்குப் பணமின்றி மணமாகாதிருக்கும் மூத்த சகோதரிகள், சாதி கடந்து காதலிக்கும் இளையவள், அவளுடைய கொடிய முடிவு என, ஒவ்வொரு யாழ்ப்பாண வீட்டுக்கும் நெஞ்சிற் குத்தும் கதை அது. பாட்டும் கூத்துமாக மனம் மகிழ வந்த இரசிகர் முன்னே நிலைக்கண்ணாடியை நிறுத்தியது அப்படம். நீடித்து ஓடவில்லை. ஊரார் தம் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை என்று அக்காலத்து இரசிகரைக் கண்டிப்பது எளிது. ஆனால், பகல் முழுதும் தோட்டத்தில் உழைத்துவிட்டு வந்தவர் இரவிலும் தம் வீட்டுக் கவலையையே காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்டால், அதற்கும் விடை சொல்லியாக வேண்டும்.

'வாடைக்காற்று' (1978) இரண்டுக்கும் நடுவே நின்றது. செங்கை ஆழியானின் நாவலைப் படித்தவர் பலர். பிரேம்நாத் மொறாயஸ் நெறிப்படுத்த, டாக்டர் இந்திரகுமார், ஏ. ஈ. மனோகரன், கே. எஸ். பாலச்சந்திரன் ஆகியோர் நடித்தனர். நாவலுக்குக் கிடைத்த வாசகர் படத்துக்கு இரசிகராயினர். பத்திரிகையும் வானொலியும் சினிமாவுக்கு முன்னால் நடந்து பாதை போட்டுத் தந்த காலம் அது.

சத்தியஜித் ராயின் அனுபவத்தை இங்கு நினைவூட்டலாம். 'பதேர் பாஞ்சாலி'க்காக அவர் மனைவியின் நகை அடகுக்குப் போயிற்று. காப்புறுதிப் பத்திரமும் போயிற்று. படப்பிடிப்பு இடைநடுவில் நின்றது. இறுதியில் மேற்கு வங்க அரசாங்கம் பணம் தந்தது. அதைப் பாதை அபிவிருத்திக் கணக்கில் எழுதினார்கள் என்பர். படத்தின் பெயரிற் 'பாதை' இருந்தது வசதியாயிற்று! 1955இல் படம் வெளிவந்தது. அடுத்த ஆண்டே இரண்டாவது படமும் வந்தது. ராயின் மேதைமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அவருக்கு ஓர் அரசாங்கம் கைகொடுத்தது. அவருடைய மொழியைப் பேசும் பல கோடி மக்கள் சூழ இருந்தனர். எம்மவருக்கு இரண்டும் இல்லை.

1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. தென்னிந்தியப் படங்கள் மீண்டும் தாராளமாயின. ஆனால், ஈழத்துத் தமிழ்ப் படத்தின் அடிமரத்தை வெட்டியது போட்டியன்று, நெருப்பு. 1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. படச்சுருள்கள் சாம்பலாயின. சிங்களப் படங்களின் மூலச்சுருள்களும் அத்தீயில் அழிந்தன என்பதை எண்ணும்போது, கொளுத்தியவர்கள் தம் வீட்டுப் பெட்டகத்துக்கும் சேர்த்தே தீ வைத்தனர் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. குணரத்தினம் 1989இற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தி, 1981இல், யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. அதை மீளக் கட்டும் பணியை ஏற்ற கட்டடக் கலைஞர் வேறு யாருமல்லர். 'குத்துவிளக்'கைத் தயாரித்த அதே துரைராஜா. கட்டடத்துக்கு வரைபடம் உண்டு. சுவர் விழுந்தாலும் அதே அளவில் மீண்டும் எழுப்பலாம். மூலச்சுருள் எரிந்த படத்துக்கு வரைபடம் இல்லை. இவ்விரண்டு கலைகளிலும் கைவைத்த ஒருவர் அந்த வேறுபாட்டை எத்துணை நன்கு உணர்ந்திருப்பார்!

தொலைக்காட்சி வந்தபோது புதிய வாசல் திறந்ததென எண்ணினோர் உண்டு. 1979இற் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. தொலைக்காட்சி நாடகத்துக்குப் படமாளிகை வேண்டாம், பிரதிகள் வேண்டாம், வீடியோ நாடாவை அழித்து மீண்டும் பயன்படுத்தலாம். சுதந்திரத் தயாரிப்பாளருக்கு இதைவிட நல்ல காலம் ஏது? ஆனால், கொமிஷன் கடை இடம் மாறிற்றே தவிர மறைந்துவிடவில்லை. இப்போது அவர் வாங்க வேண்டியது ஒளிபரப்பு நேரம். தேட வேண்டியது விளம்பரதாரர். சவர்க்காரமும் பால்மாவும் விற்பவர், எத்தனை பேர் பார்ப்பர் என்று முதலிற் கேட்பார். தமிழுக்கு ஒதுக்கிய நேரமோ சொற்பம். போரும் மின்வெட்டும் சூழ்ந்த வடக்கில் அதையும் பார்க்க முடியாத காலங்கள் இருந்தன. 1998இல் சக்தி தொலைக்காட்சி வந்தபின் தமிழுக்கு முழுநேர அலைவரிசை ஒன்று கிடைத்தது. அதிலும் தென்னிந்தியத் தொடர்களே பெரும்பங்கு பெற்றன. படமாளிகையில் நிகழ்ந்தது வரவேற்பறையிலும் நிகழ்ந்தது.

பலர் புலம்பெயர்ந்தனர். 'நிர்மலா'வைத் தயாரித்த ரகுநாதன் பாரிஸ் நகரிற் குடியேறி, முதுமையிலும் நாடகம், குறும்படம் என்று ஓயாது இயங்கினார். 2020இற் கொரோனாத் தொற்று அவரை அங்கே கொண்டுபோயிற்று. அந்நாட்களில் இறுதி ஊர்வலம் எடுக்கவும் அனுமதி இருக்கவில்லை. கலைஞர் ஒருவருக்கு அது கொடிதினும் கொடிது.

இன்றைய இளைஞர் கதை சற்று வேறானது. 2015இல் யாழ்ப்பாண சர்வதேசச் சினிமா விழா தொடங்கிற்று. 2018இற் கிங் இரத்தினத்தின் 'கோமாளி கிங்ஸ்' நீண்ட இடைவெளிக்குப் பின் நாடெங்கும் படமாளிகைகளிற் காட்டப்பட்ட இலங்கைத் தமிழ்ப் படமாயிற்று. 2022இல் யாழ்ப்பாண இளைஞர் ராஜ் சிவராஜின் 'புத்தி கெட்ட மனிதர் எல்லாம்' வந்தது. மதிசுதாவின் 'வெந்து தணிந்தது காடு' கைத்தொலைபேசியிலேயே ஒளிப்பதிவானது. மக்களிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டிய பணமே அதன் முதலீடு. கேரளத்தில் ஜோன் ஏப்ரகாமும் அவருடைய ஒடெஸ்ஸா இயக்கத்தினரும் ஊர் ஊராகப் பணம் சேர்த்து 1986இல் 'அம்ம அறியான்' எடுத்த வழியும் இதுவே. 54,000 அடிச் சுருளின் கவலை ஒழிந்தது. காகம் கரைந்தாற் காட்சியை இன்னொரு முறை எடுக்கலாம். ஒரு சதமும் நட்டமில்லை.

ஒழியாதது ஒன்றே: வாங்குவோர் யார் என்னும் கேள்வி. இவ்விளைஞர்களிற் பலர் விநியோகஸ்தரை எதிர்பார்ப்பதில்லை. தாமே மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, தாமே நுழைவுச்சீட்டு விற்று, ஒரு காட்சி இரண்டு காட்சியாக ஊர் ஊராகக் காட்டுகின்றனர். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் உள்ள உறவினரும் நண்பரும் அங்கங்கே ஒரு நாட்காட்சி ஒழுங்கு செய்கின்றனர். கோப்பாய் வெங்காயத்தைப் புறக்கோட்டைக்கு அனுப்பாமல், தாமே சைக்கிளிற் கட்டித் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோவது போன்ற முயற்சி அது. விற்பனை சிறிதுதான். ஆனால், கழிவு இல்லை; கணக்கும் அன்று மாலையே தெரிந்துவிடும். இவர்களுள் எவர் இரண்டாவது படத்தின் பூசைக்கு எம்மை அழைக்கப் போகிறார் என்று காத்திருக்கிறோம்.